உலகநாதன் பேரில் ஐந்து ரூபாய்

கார்டு ஈரமாக இருந்தது.

மழை பெய்து நாலு மாதம் ஆகிவிட்டது. ஐப்பசி பிறந்தும் வானம் துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி வெளுத்துக் கிடந்தது. உப்பள முதலாளி ஒருவரைத் தவிர ஊரே அதைத் திட்டிக்கொண்டிருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு வாசற்படி காலைச் சுட்டது, பூட்டு கையைச் சுட்டது, கதவில் அடித்திருந்த தகர நம்பர் கண்ணைச் சுட்டது. இத்தனை சூட்டுக்கும் நடுவே, கதவுக்கு அடியில் பாதி செருகியபடி, அந்த ஒரு கார்டு மட்டும் இப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்டது போலச் சொதசொதவென்று கிடந்தது. தணிகைவேல் அதை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குகிற மரியாதையோடு தூக்கினான். முகர்ந்து பார்த்தான். கடல் வாசனை இல்லை. கடல் வாசனை அவன் சட்டையிலேயே இருந்தது, அது பழகின வாசனை. இது வேறு. கோரை அழுகின வாசனை. வெள்ளம் வந்து வடிந்த உப்பங்கழியின் சேற்று வாசனை.

'ஆ. உலகநாதன் அவர்கள்' என்று ஆரம்பித்தது விலாசம். எச்சில் தொட்டு எழுதினால் ஊதாவாக மாறுமே, அந்த மைப் பென்சில் எழுத்து.

தணிகைவேல் உலகநாதன் இல்லை. இந்த உண்மையை இரண்டு மாதமாக அவன் ஊருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தான். மகாபலிபுரத்துக்கு வடக்கே, சாலைக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் தனியாக நின்ற அந்த ஓட்டு வீட்டை மாதம் முப்பது ரூபாய்க்குப் பிடித்தபோது, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிப் பெண்டாட்டிக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினான். வீட்டோடு உலகநாதனும் இலவசம் என்று வீட்டுக்காரர் சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் உலகநாதன் ராவோடு ராவாகக் காலி செய்துவிட்டானாம். பெட்டி படுக்கையை எடுத்துப் போனவன் கடன்களை மட்டும் ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். அன்றிலிருந்து பூட்டிக் கிடந்த வீடு. பூட்டைத் திறந்த மறுநாளே டீக்கடைக்காரர் வந்தார். பின்னாலேயே சலவைக்காரர். அப்புறம் வாடகை சைக்கிள் கடை. செங்கல்பட்டுச் சீட்டுக் கம்பெனி ஒன்று, 'இறுதி அறிவிப்பு' என்று மாதா மாதம் இறுதியாக ஒரு கடிதம் அனுப்பியது.

தணிகைவேலுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் நிற்கிறவர் முகம் வாடினால் இவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விடும். உப்பளத்தில் மூட்டை எடை எழுதுகிற குமாஸ்தாவின் பையில் அப்படி என்ன இருந்துவிடும்? இருந்தும் டீக்கடைக்கு ஒன்றேகால் ரூபாய், சலவைக்கு முக்கால் ரூபாய் என்று, முகம் தெரியாத உலகநாதனின் மானத்தைச் சில்லறை சில்லறையாகக் காப்பாற்றி வந்தான்.

"இன்னா சாரே," என்று சிரித்தாள், தெருவில் மீன் விற்கிற அம்சா. "மூணு வருசமா வராத டப்பெல்லாம் உன் கையால வந்துகினு கீதாமே. உன் வூட்டுக்காரம்மா வரட்டும், உன் முதுகுல தோலு மிஞ்சுதான்னு பாக்கறேன்."

"அவ வர்றதுக்குள்ள முடிச்சிடணும் அம்சா. கைக்குழந்தை வர்ற வூடு. வாசல்ல நாலு பேர் நின்னு கத்தக்கூடாது, பாரு."

அதுதான் விஷயம். சம்பூர்ணம் செங்கல்பட்டில் தாய்வீட்டில் பிரசவித்து நாற்பது நாள் ஆகப்போகிறது. தலைச்சன், பெண். தணிகைவேல் ஒரே ஒரு தடவை, பதினோராம் நாள், போய்ப் பார்த்தான். சிவப்பாக, சுருங்கி, கண்ணை மூடிக்கொண்டு. பச்சைப் பிள்ளைகள் எல்லாமே அவனுக்கு ஒரே ஜாடைதான். எவ்வளவு முயன்றாலும் முகம் மனதில் வரவில்லை. நீயெல்லாம் ஒரு அப்பனா என்று கண்ணாடியில் தன்னையே கேட்டுக்கொண்டான். அது அவன் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது மட்டும் ஞாபகம் இருந்தது. சுடச்சுட ஒரு பிடி. அடுத்த வெள்ளிக்கிழமை மாமனார் கொண்டுவந்து விடுகிறார். அதற்குள் சுவருக்குச் சுண்ணாம்பு, தூளி கட்ட உத்தரத்தில் கயிறு, வாசலில் கடன்காரர் யாரும் இல்லாத அமைதி.

சுண்ணாம்பு ஆயிற்று. கயிறும் ஆயிற்று. குப்பம்மாதான் பாக்கி.

மற்றவர்கள் நேரில் வந்து கத்தினார்கள். கழிக்கு அந்தப் பக்கம் இருந்த குப்பம்மா மட்டும் வெள்ளிக்கு வெள்ளி கார்டு போட்டாள். முதல் கார்டில், 'வாங்கிப் போனதைத் திருப்பித் தரவும், கைப்பிள்ளையோடு கஷ்டப்படுகிறேன்' என்று இருந்தது. இரண்டாவதில், 'பிள்ளை ராவெல்லாம் அழுகிறது.' மூன்றாவதில், 'நேரில் வரப் புறப்பட்டேன், கழியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது.' தணிகைவேல் அன்றே பின்கதவைத் திறந்து கழியைப் பார்த்தான். கணுக்கால் அளவு தண்ணீர். நடுவில் ஓர் ஆடு நின்று சாவகாசமாக எதையோ மென்றுகொண்டிருந்தது.

இன்றைக்கு நாலாவது:

'தண்ணீர் மார்மட்டும் வந்துவிட்டது. பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்கிறேன். கை வலிக்கிறது. ஏதாவது பார்த்துக் கொடுக்கவும்.'

எழுதத் தெரியாத ஏழைக்குக் கார்டு எழுதிக் கொடுக்கிறவன் தன் பங்குக்குக் கொஞ்சம் கண்ணீர் சேர்ப்பது வழக்கம். தணிகைவேலும் பள்ளிக்கூட நாளில் தெருப் பெண்களுக்கு எழுதிக் கொடுத்தவன்தான். எந்தச் சேதியானாலும் 'கண்ணீரும் கம்பலையுமாக' என்று ஒரு வரி வைக்காமல் விட்டதில்லை. இதுவும் அப்படித்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் அந்த 'கை வலிக்கிறது' அவனைக் குடைந்தது. நாடகம் ஆடுகிறவன் அவ்வளவு சிறிசாக எழுதமாட்டான்.

சனிக்கிழமை மகாபலிபுரம் போஸ்டாபீஸுக்குப் போய் மணியார்டர் ஃபாரம் வாங்கினான். ஐந்து ரூபாய். அனுப்புபவர் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது. தணிகைவேல் என்று போட்டால் குப்பம்மாவுக்கு யாரென்று புரியுமா? எந்தக் கணக்கில் வைப்பாள்? நல்ல காரியத்துக்குச் செய்கிற சின்னப் பொய்தானே என்று 'ஆ. உலகநாதன்' என்று எழுதி, அதே பெயரில் கையெழுத்தும் போட்டான். ஃபாரத்தின் அடியில், பணம் வாங்குகிறவருக்குச் சேதி எழுத நாலு விரல் இடம் விட்டிருப்பார்கள். விவரமானவர்கள் அதைச் சும்மா விடுவார்கள். தணிகைவேலின் கை சும்மா இருக்காது.

'தங்களிடம் வாங்கியது வாஸ்தவம். இப்போதைக்கு ஐந்து ரூபாய். வருகிற வெள்ளிக்கிழமை என் வீட்டாரும் நாற்பது நாள் குழந்தையும் வருகிறார்கள். வந்ததும் தங்கள் பாக்கியை ஒரு குறையும் இல்லாமல் தீர்த்துவிடுகிறேன்.'

படித்துப் பார்த்தான். தன் நடை தனக்கே பிடித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை கதவடியில் ரசீது கிடந்தது. மணியார்டர் போய்ச் சேர்ந்ததும், வாங்கினவர் கையெழுத்தோடு அனுப்பினவருக்குத் திரும்பி வருகிற துண்டு. சர்க்கார் மூன்றே நாளில் ஒரு வேலையை முடித்துவிட்டதா என்று வியந்தபடி குனிந்தவன், குனிந்தபடியே நின்றான். அதுவும் ஈரம். 'பெற்றுக்கொண்டேன்' என்பதற்குப் பக்கத்தில் ஊதா மையில் சின்னதாக ஒரு கைநாட்டு. வாரா வாரம் உப்பளத்துக் கூலிக்காரர்களிடம் கைநாட்டு வாங்குகிறவன் அவன். உப்பு அரித்த விரல், வெட்டுப்பட்ட விரல், கிழ விரல் எதுவானாலும் வட்டம் வட்டமாகக் கோடு விழும். இதில் கோடே இல்லை. குறுக்கே நாலு தடித்த சுருக்கங்கள் மட்டும். தண்ணீரில் ரொம்ப நேரம் ஊறின விரல் எப்படி இருக்கும், அப்படி.

"துணி துவைக்கிறவளா இருப்பா," என்று உரக்கச் சொன்னான். வெறும் வீட்டில் அது இரண்டு தடவை கேட்டது.

அதற்குப் பிறகு அவனால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வெயிலில் ஓடுகள் படக் படக்கென்று விரிகிற சத்தம், சாலைக்கு அப்பால் சவுக்குத் தோப்பின் ஓயாத இரைச்சல், அதற்கும் அப்பால் கடல், எப்போதோ ஒரு பஸ் என்று இரண்டு மாதமாகப் பழகின சத்தங்களுக்கு நடுவே புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது: எங்கோ, ரொம்பப் பக்கத்தில், தண்ணீர் சொட்டுகிற சத்தம். வீட்டில் குழாய் கிடையாது. பானைக்கு அடியில் தடவிப் பார்த்தான். காய்ந்திருந்தது. அடுக்களையிலிருந்து கேட்டால் அறைக்குள் சொட்டியது. அறைக்குப் போனால் நின்றது. திரும்பி நடந்தால் முதுகுக்குப் பின்னால் ஒரு சொட்டு. பேய்களுக்கு ஆபீஸ் நேரம் ராத்திரிதான் என்று கேள்விப்பட்டிருந்ததால், நட்டநடு மத்தியானத்தில் பயப்படுவது அவனுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. உத்தரத்தில் தூளிக்காகத் தொங்கவிட்ட கயிறு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"காத்து," என்றான்.

ஜன்னலும் மூடியிருந்தது. கதவும்.

வெள்ளிக்கிழமை வரவேண்டிய கார்டு அந்த வாரம் வியாழக்கிழமையே வந்துவிட்டது.

'குழந்தை வருவது அறிந்து சந்தோஷம். பணம் வேண்டாம். நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். தண்ணீர் வடிந்துவிட்டது.'

மூன்று தடவை படித்தான். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒரு மிரட்டல் இல்லை. இருந்தும் தணிகைவேல் எழுந்து போய்ப் பின்கதவைத் தாழிட்டான்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு அவன் உப்பளத்தில் இருந்தான். மாலை ஐந்து மணி பஸ்ஸுக்குப் போக முதலாளியிடம் சொல்லி வைத்திருந்தான். வெள்ளை உப்புக் குவியல்களுக்கு நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார் தபால்காரர் சிவப்பிரகாசம்.

"ஏன் சாரே, உனுக்கு வேற வேலை இல்லியா?" என்று கொட்டகைக்குள் நுழையும்போதே ஆரம்பித்தார். "உலகநாதன் பேர்ல குப்பம்மாவுக்கு மணியார்டர் போட்டது நீதானே? உன் கோழிக்கிறுக்கல் எனுக்குத் தெரியாதா? இந்தா உன் அஞ்சு ரூபா. வாங்கிக்க ஆள் இல்ல."

"ஆள் இல்லையா? வாங்கிட்டாங்களே. ரசீது வந்துதே."

"யாரு கொண்டாந்தா?"

"நீங்கதான். செவ்வாக்கெழம. கதவுக்கு அடியில."

சிவப்பிரகாசம் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். பையிலிருந்து அந்த ஃபாரத்தை எடுத்து விரித்தார். "இந்தக் கழிக்கு ரெண்டு பக்கமும் தபாலு தூக்கறவன் நான் ஒருத்தன்தான். பாரு. ரசீதுத் துண்டு இதுலயே ஒட்டிக்கினு கீது. நான் கிழிக்கவே இல்ல."

ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அடியில், தணிகைவேல் சேதி எழுதின துண்டைக் காணோம். ஓரம் ஈரத்தில் இற்றுப்போய்ப் பிய்ந்திருந்தது.

"அது மட்டும் எங்கியோ பூடுச்சு," என்றார் சிவப்பிரகாசம். "பையில தண்ணி பட்டுகினு கீது. எப்படின்னு தெர்ல."

"கார்டெல்லாம்? வெள்ளிக்கு வெள்ளி குப்பம்மா போடற கார்டு?"

"எந்தக் கார்டு? உலகநாதனுக்கு நான் கொண்டார்றது சீட்டுக் கம்பெனிக் கவரு ஒண்ணுதான்." தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "குப்பம்மா செத்து மூணு வருசம் ஆவுது சாரே. வர்ற வாரத்தோட சரியா மூணு. அவ பிள்ளை இடுப்புல வெள்ளி அரைஞாண் போட்டிருந்தா. பத்து நாள்ல மூட்டுத் தரேன்னு உலகநாதன் வாங்கிக்கினு போயி அடகு வச்சிட்டான். தரல. கேக்கறதுக்கு இந்த வூட்டுக்குத்தான் வந்துகினு இருந்தா. ஐப்பசி மழை, கழியில வெள்ளம். பிள்ளையைத் தலைக்கு மேல தூக்கிக்கினு நடுவுல நின்னாளாம். கரையில இருந்தவங்க பாத்துகினு இருந்தாங்க. அப்பறம் அந்தக் கை மட்டும் தெரிஞ்சுதாம். அப்பறம் அதுவும் இல்ல."

தணிகைவேலுக்குக் காதில் மாமனார் பேசுவது கேட்டது. செங்கல்பட்டுக் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா அவர். கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்துகூடச் சட்டம் பேசுகிறவர். 'மூணு வருஷம் தாண்டிட்டா எந்தக் கடன் நோட்டும் வெறும் கடுதாசி, மாப்பிள்ளை. ஆனா அதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஒத்த ரூபா குடுத்து, வாங்கினது வாஸ்தவம்னு எழுதிக் கையெழுத்து போட்டான்னு வையுங்க, செத்த கடனுக்கு மறுபடி உயிர் வந்துடும்.' அன்றைக்கு அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

வாங்கியது வாஸ்தவம். குழந்தை வருகிறது. ஒரு குறையும் இல்லாமல்.

"உங்க சைக்கிளைக் குடுங்க," என்றான்.

ஐந்து மணி பஸ். இன்னும் நேரம் இருக்கிறது. மகாபலிபுரத்திலேயே மறித்து, மாமனார் என்ன திட்டினாலும் சரி, இறங்கவிடாமல் அப்படியே செங்கல்பட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடலாம். அவன் மிதித்தான். எதிர்காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. செயின் கரகரத்தது. சாலை முழுக்கக் கானல் தண்ணீர் மாதிரி நின்று, கிட்டே போகப் போக விலகியது.

காலிக் கூடையோடு அம்சா எதிரில் வந்தாள்.

"எங்க சாரே இந்தப் பற பறக்கறே? உன் வூட்டுக்காரம்மா மத்தியான பஸ்ஸுக்கே வந்துட்டாங்களே. உன் மாமனாரு எறக்கிவுட்டுட்டு அதே பஸ்ல திரும்பிட்டாரு, கோர்ட்டுல ஏதோ வாய்தாவாம்."

"தனியாவா போனா?"

"தனியா இன்னா? நீ அனுப்பின பொம்பளைதான் கூடப் போச்சே. பெட்டியை இடுப்புல வச்சிகினு." அம்சா முகத்தைச் சுளித்தாள். "மூஞ்சை நான் பாக்கல. ஆனா ஒரு கொழந்தை கீற வூட்டுக்கு அப்படியா வர்றது? பொடவையெல்லாம் தண்ணி சொட்டிகினு."

அவன் வீட்டுப் பக்கம் மிதித்தான். 

சாலை. சவுக்கு. வீடு.

கதவு திறந்திருந்தது.

சைக்கிள் விழுந்த சத்தம் பின்னால் கேட்டது. வாசற்படி காலைச் சுட்டது. அதன் மேல் ஈரமாக ஒரு பாதம். அந்த வெயிலிலும் காயாத பாதம். உள்ளே போயிருந்தது.

அறை. சுண்ணாம்பு வாசனை. பவுடர் வாசனை. இரண்டுக்கும் அடியில், கோரை.

தூளி ஆடிக்கொண்டிருந்தது. மெல்ல. கனமாக.

"வந்துட்டீங்களா?" சம்பூர்ணம் அடுக்களையிலிருந்து வந்தாள். முகத்தில் பஸ் களைப்பு, அதற்கு மேலே சந்தோஷம். "சுண்ணாம்பெல்லாம் அடிச்சு வச்சிருக்கீங்க! அந்தம்மாவை எங்க புடிச்சீங்க? பாவம், ஒரு வார்த்தை பேசல. பிள்ளையை வாங்கிக்கினு போயி பின்னாடி குளிப்பாட்டிக் கொண்டாந்து தூளியில போட்டுட்டாங்க. எங்கிட்ட குளிக்கும்போது ஊரைக் கூட்டும், அவங்க கையில ஒரு சத்தம் இல்ல."

"எங்க அவங்க?"

"இப்பத்தான் பின்கதவு வழியா போனாங்க. மாராப்புக்குள்ள என்னமோ அணைச்சிக்கினு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னாங்க, ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?"

அவன் தூளியை விரித்தான்.

குழந்தை இருந்தது. அப்பாடா. இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, சுருங்கி. மூக்கு, வாய், எல்லாம். பச்சைப் பிள்ளைகள் எல்லாமே ஒரே ஜாடைதானே. முப்பதாம் நாள் மாமனார் புது வெள்ளி அரைஞாண் போட்டதாகச் சம்பூர்ணம் எழுதியிருந்தாள். துணியை விலக்கினான். இடுப்பு வெறுமையாக இருந்தது.

குழந்தை அவன் கட்டைவிரலைப் பிடித்தது.

சில்லென்று.

அந்தச் சின்னக் கையை மெதுவாகத் திருப்பினான். கட்டைவிரலில் ஊதா மை. கோடு இல்லை. குறுக்கே நாலு சுருக்கம்.

அது கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தது. அழவில்லை.

வெளியே, திறந்த பின்கதவுக்கு அப்பால், காய்ந்த கழியின் நடுவிலிருந்து, ஒரு குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. கோபமாக, மூச்சு முட்ட. தூரமாகிக்கொண்டே.

"யாரு வூட்டுப் பிள்ளைங்க அது, இப்படிக் கத்துது?" என்று சிரித்தாள் சம்பூர்ணம், தூளியைப் பார்த்துக்கொண்டு. அவளுடைய ரவிக்கையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் பால் கசிந்து, மெல்ல மெல்லப் பரவியது.